சும்மா உட்கார ஒரு தலைநகரம்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தின் ஓரத்தில், கல்லூரித் தோழிகள் நான்கு பேர் ஐந்து நாள் ஒரே ஊரில் தங்கி ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்தோம் என்று அரைப் பத்தி எழுதியிருந்தேன். ஊர், ஸ்லோவேனியா நாட்டின் தலைநகரம் லியுப்லியானா. அரைப் பத்திக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று தெரிந்திருந்தால் அப்போதே ஒரு பக்கம் கேட்டு வாங்கியிருப்பேன். சமையல், சொத்துத் தகராறு, பூனை வளர்ப்பு பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும், உங்கள் முறை அடுத்த இதழில். இந்த முறை அந்த ஊர் மட்டும்.

"நாங்கள் மூன்று தோழிகள். பதினோரு நாளில் ஏழு நாடு என்ற பேக்கேஜில் போய் பஸ்ஸில் தூங்கியதுதான் மிச்சம். அடுத்த முறை ஒரே ஊர் என்று முடிவு செய்திருக்கிறோம். ஆனால் பாரிஸ், ரோம் எல்லாம் இருக்கும்போது பெயரே வாயில் நுழையாத இந்த ஊரை எதற்குப் பிடித்தீர்கள்?" (வாசகி, திருச்சி)

பெயர் நுழையாததுதான் முதல் வசதி. பாரிஸ் வரை போய்விட்டு ஈஃபில் கோபுரம் ஏறவில்லை என்றால் ஊருக்கு வந்து மாமியார் முதல் மேல் வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். லியுப்லியானா போய்விட்டு வந்தால் "அதைப் பார்த்தாயா, இதைப் பார்த்தாயா" என்று கேட்க நம் தெருவில் ஒருவரும் கிடையாது. பார்க்காமல் விட்டது நம்மைத் துரத்தாத ஊர் அது. நண்பர்களோடு போகிற பயணத்துக்கு இதைவிடப் பெரிய நிம்மதி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, அளவு. மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள்தொகை. நாட்டின் தலைநகரம், நாடாளுமன்றம், பல்கலைக்கழகம், ஓபரா எல்லாம் உண்டு, ஆனால் பழைய நகரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பொடிநடையாக நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. நடுவில் கோட்டை மலை, அதைச் சுற்றி வளைந்து போகிற லியுப்லியானிட்சா ஆறு, ஆற்றின் இரண்டு பக்கமும் நாற்காலி போட்ட காபிக் கடைகள். தொலைந்து போக வேண்டும் என்று நினைத்தாலும் கால் மணி நேரத்தில் மறுபடி ஆற்றங்கரைக்கே வந்து நிற்பீர்கள்.

உச்சரிப்புக்கு ஒரு வழி: "லியுப்" என்று ஒரு மூச்சு, "லியானா" என்று ஒரு மூச்சு. ஸ்லோவேனிய மொழியில் 'லியுப்லியேனா' என்றால் அன்புக்குரியவள் என்று அர்த்தம். ஊர்ப் பெயர் அதிலிருந்து வந்தது என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள், மொழி ஆராய்ச்சியாளர்கள் தலையை ஆட்டுவார்கள், பக்கவாட்டில்.

"ஐரோப்பாவின் பசுமைத் தலைநகரம் என்று எழுதியிருந்தீர்கள். இதெல்லாம் சுற்றுலாத் துறை வைக்கிற பட்டப் பெயர்தானே? நாலு மரம் நட்டால் பசுமையா?" (வாசகர், ஈரோடு)

பட்டம்தான், ஆனால் சும்மா வந்ததில்லை. ஐரோப்பிய ஆணையம் வருடத்துக்கு ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது, லியுப்லியானாவுக்கு 2016-இல் கிடைத்தது. ஒரு ஆளுக்கு 542 சதுர மீட்டர் பசுமைப் பரப்பு என்று மாநகராட்சி கணக்குச் சொல்கிறது. நம் கணக்கில் தலைக்கு ஏறக்குறைய இரண்டரை கிரவுண்டு. எங்கள் வங்கித் தோழி இதைக் கேட்டுவிட்டு முதலில் கேட்டது "பட்டா யார் பேரில்?"

மரத்தை விடுங்கள், எனக்கு ஆச்சரியமாக இருந்தது கார் விஷயம். 2007-இல் நகர மையத்துக்குள் கார் வரக்கூடாது என்று தொடங்கினார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பகுதியைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். இன்றைக்கு மையச் சதுக்கமாக இருக்கிற பிரெஷெரன் சதுக்கத்தின் வழியாக ஒரு காலத்தில் பஸ்ஸும் காரும் ஓடின. காங்கிரஸ் சதுக்கம் என்று இன்னொன்று இருக்கிறது, அது வெறும் கார் நிறுத்துமிடமாகத்தான் கிடந்தது. இப்போது கார்கள் பூமிக்கு அடியில், மேலே குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் முதலில் பயந்தார்கள், நடக்கிற ஆள்தான் கடைக்குள் நுழைகிறான் என்று பிறகு தெரிந்துகொண்டார்கள்.

குப்பை இன்னொன்று. மையப் பகுதியில் குப்பைத் தொட்டிகளைத் தரைக்குக் கீழே இறக்கிவிட்டார்கள், மேலே வாய் மட்டும் தெரியும். காகிதம், கண்ணாடி, பிளாஸ்டிக்கை யார் வேண்டுமானாலும் போடலாம், பிரிக்காத மீதிக் குப்பையைப் போட அந்தப் பகுதி வீட்டுக்காரர்கள் அட்டை காட்ட வேண்டும். 2014-இல், ஐரோப்பியத் தலைநகரங்களில் முதலாவதாக, குப்பையே இல்லாத ஊரை நோக்கிப் போகிறோம் என்று அறிவித்தார்கள். குடிக்க, பாட்டில் வாங்கவே வேண்டாம், தெருக்குழாயில் பிடித்துக் குடிக்கலாம். 2016-இல் குடிநீர் உரிமையை அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்த நாடு அது. டாக்டர் தோழி முதல் நாள் தயங்கினாள், இரண்டாம் நாள் எங்கள் பாட்டில்களையும் வாங்கிப் போய் அவளே பிடித்து வந்தாள்.

முழுக்கச் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மையத்தில் கார் இல்லையே தவிர, வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் இன்னும் காரில்தான் வருகிறார்கள், காலையிலும் மாலையிலும் வட்டச் சாலையில் வரிசை கட்டி நிற்கும். விமான நிலையத்திலிருந்து வரும்போதே அதில் நாற்பது நிமிடம் நின்றோம்.

"ஐந்து நாளா! அந்த ஊரை ஒரு நாளில் பார்த்துவிடலாம் என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். மீதி நாலு நாள் என்னதான் செய்தீர்கள்?" (வாசகர், சென்னை)

ஒரு நாளில் பார்த்துவிடலாம், நிச்சயமாக. நாங்கள் பார்க்கப் போகவில்லையே.

சரி, ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை. காலையில் சந்தை. ஆற்றை ஒட்டி நீளமாக ஒரு தூண் வரிசை மண்டபம், அதற்கு முன்னால் திறந்தவெளியில் காய்கறி, செர்ரி, தேன், பூ. இந்த மண்டபத்தைக் கட்டியவர் யோஷெ பிளெச்னிக் என்ற கட்டடக் கலைஞர். 1872-இல் இதே ஊரில் பிறந்தவர், வியன்னாவிலும் பிராகிலும் பெயர் எடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து, 1957-இல் இறக்கும் வரை இந்த ஊரைத் தன் வீட்டைப் போல ஒவ்வொரு மூலையாகத் திருத்திக்கொண்டே இருந்தவர். அவருடைய லியுப்லியானா வேலைகளை 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மூன்று பாலம் என்று ஒன்று எல்லா அஞ்சல் அட்டையிலும் இருக்கும். 1842-இல் கட்டிய பழைய கல் பாலம் குறுகலாகிவிட்டது, எல்லோரும் இடித்துவிட்டு அகலமாகக் கட்டுவார்கள், இவர் பழையதை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பக்கமும் நடப்பவர்களுக்காக ஒவ்வொரு பாலம் சேர்த்துவிட்டார். 1932-இல் முடிந்தது. இன்றைக்கு மூன்றிலுமே ஆட்கள்தான் நடக்கிறார்கள்.

பத்தரை மணிக்குச் சந்தைக்குப் பக்கத்துச் சதுக்கத்தில் 'ஓட்பர்தா குஹ்னா', அதாவது திறந்த சமையலறை. மார்ச் நடுவிலிருந்து அக்டோபர் வரை, மழை இல்லாத வெள்ளிக்கிழமைகளில் மட்டும், ஊர் உணவகங்கள் கூடாரம் போட்டு நம் கண் முன்னால் சமைத்துத் தருகின்றன. நாலு பேரும் நாலு வரிசையில் நின்று நாலு தட்டு வாங்கி வந்து படிக்கட்டில் உட்கார்ந்து பகிர்ந்து தின்றோம். இது ஒரு இரண்டு மணி நேரம்.

அப்புறம் ஆற்றை ஒட்டியே தெற்கே நடந்தோம். கட்டடங்கள் உயரம் குறைந்துகொண்டே போகும், கடைகள் காணாமல் போகும், திடீரென்று வீடுகளுக்கு நடுவே லெட்டூஸ் பாத்தி. கிராகோவோ என்ற பகுதி, நகர மையத்துக்கு அடுத்த தெருவில் இன்னும் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார்கள், ஒரு பாட்டி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெங்காயத்தாள் பிடுங்கிக்கொண்டிருந்தார். அதைத் தாண்டினால் திர்னோவோ. அங்கே சின்ன ஓடையின் மேல் பிளெச்னிக் கட்டிய ஒரு பாலம், பாலத்தின் மேலேயே பிர்ச் மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. பாலத்தின் ஓரத்தில் இல்லை, பாலத்தின் மேல். எங்கள் கணக்கு டீச்சர் தோழி குனிந்து வேர் எங்கே போகிறது என்று தேடினாள்.

பக்கத்திலேயே திர்னோவோ படித்துறை. வேறு சொல் இல்லை, படித்துறைதான். ஆற்றை நோக்கி நீள நீளமாக இறங்குகிற கல் படிகள், மேல் வரிசையில் அழுவது போல் கிளை தொங்கும் வில்லோ மரங்கள். குளிக்க யாரும் இல்லை, துணி துவைக்க யாரும் இல்லை, உட்காரத்தான் ஊரே வருகிறது. டீச்சர் செருப்பைக் கழற்றி ஒரு படி மேலே வைத்துவிட்டுக் காலை நீட்டினாள். தண்ணீர் பச்சையாக, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகத்தில். எங்களுக்கு இரண்டு படி கீழே ஒரு பையன் பேப்பர் பையிலிருந்து செர்ரி எடுத்துத் தின்று கொட்டையைப் பத்திரமாக அதே பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான், ஒரு பெண் பலகையின் மேல் நின்றபடி துடுப்புப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கடந்து போனாள், அவள் காலடியில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது, அது எங்களைப் பார்த்ததே தவிரக் குரைக்கவில்லை. வங்கித் தோழி முப்பது வருடத்துக்கு முன்னால் விடுதியில் நடந்த ஒரு திருட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள், யார் எடுத்தது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. எடுத்தது டாக்டர். எழுந்து மணி பார்த்தபோது மூன்று மணி நேரம் போயிருந்தது.

சாயங்காலம் பிரெஷெரன் சதுக்கம். பிரான்ஸெ பிரெஷெரன் அவர்களுடைய மகாகவி, 1849-இல் இறந்தவர், அவர் எழுதிய கவிதையின் ஒரு பகுதிதான் நாட்டுப்பண், அவர் இறந்த பிப்ரவரி 8 தேசிய விடுமுறை. சிலையாக நிற்கிற கவிஞர் எதிர்த் தெருவில் ஒரு வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சுவரில், அவர் காதலித்தும் கிடைக்காத யூலியாவின் உருவத்தை ஜன்னலில் நிற்பது போலச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1905-இல் சிலை வைத்தபோது வேறு தகராறு. கவிஞரின் தலைக்கு மேல் உள்ள கலைதேவதை மேலாடை இல்லாமல் இருக்கிறாள், அதுவும் தேவாலயத்துக்கு நேர் எதிரே. மரம் வைத்து மறைத்தார்கள். மரம் இன்னும் இருக்கிறது, தேவதையும் இருக்கிறாள்.

இப்படி ஒரு நாள். இதே மாதிரி இன்னும் நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் திவோலி பூங்காவில் போனது. மையத்திலிருந்து கால் மணி நடை, பூங்கா அப்படியே ஏறி ரோஷ்னிக் குன்றின் காடாகிவிடும், எங்கே பூங்கா முடிந்தது எங்கே காடு தொடங்கியது என்று கோடு கிடையாது.

"நாங்கள் சைவம். முட்டை மட்டும் சாப்பிடுவோம். சமாளிக்க முடியுமா?" (வாசகி, மதுரை)

முடியும், கொஞ்சம் விழிப்போடு. 'ஷ்ட்ரூக்லி' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மெல்லிய மாவுக்குள் பாலாடைக்கட்டி, வால்நட், ஆப்பிள், டாரகன் என்ற வாசனைத் தழை இப்படி எதையாவது வைத்துச் சுருட்டி வேக வைப்பார்கள், கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். டாரகன் வைத்தது இனிப்பாகவும் இருந்தது, சோம்பு வாசனையாகவும் இருந்தது, முதல் வாயில் முகம் சுளித்த டாக்டர்தான் இரண்டாவது தட்டு கேட்டாள். பூசணி விதை எண்ணெய் விட்ட சாலட், கெட்டியான பச்சைக் கறுப்பு எண்ணெய், அருமை. பேக்கரியில் பாலாடைக்கட்டி வைத்த 'புரெக்' சூடாகக் கிடைக்கும், இரண்டு பேர் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம்.

ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு. 'ஷ்கான்ட்சி' என்று மரக்கோதுமை மாவில் கிண்டிய களி, பெயரளவில் சைவம், மேலே பன்றிக் கொழுப்பு வறுவலைத் தூவிக் கொண்டு வருவார்கள். 'யோட்டா' என்ற புளித்த முட்டைக்கோஸ் சூப்பிலும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். "மெஸோ?" என்று கேளுங்கள், இறைச்சி என்று அர்த்தம், "நெ" என்று பதில் வந்தால் சாப்பிடலாம். ஊறுகாய் எடுத்துப் போங்கள், சண்டை வந்தால் சமாதானத்துக்கும் ஆகும்.

"நண்பர்களோடு போனால் நட்பே போய்விடும் என்பது என் அனுபவம். கோவாவுக்குப் போன ஐந்து பேரில் இருவர் இன்றும் பேசிக்கொள்வதில்லை. உங்களுக்குள் சண்டை வரவில்லையா?" (வாசகர், சேலம்)

வராமல் இருக்குமா? மூன்றாம் நாளே வந்தது. சனிக்கிழமை ராத்திரி வரை அரட்டை அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் வீட்டில் பால் இல்லை, ரொட்டி இல்லை. ஸ்லோவேனியாவில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, கடை ஊழியர்களுக்கு ஓய்வு வேண்டும் என்று 2020-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். ரயில் நிலையம், பெட்ரோல் பங்க் மாதிரி சில இடங்களில் உள்ள சின்னக் கடைகளுக்கு மட்டும் விலக்கு. "நீ வாங்குவாய் என்று நினைத்தேன்" என்று நாலு பேரும் நாலு பேரைப் பார்த்துச் சொன்னோம். கடைசியில் நானும் டீச்சரும் பேசிக்கொள்ளாமல் ரயில் நிலையம் வரை நடந்து போய் ஒரு லிட்டர் பாலைக் கையில் பிடித்துக்கொண்டு, அங்கேயே நின்று காபியும் குடித்துவிட்டு, சிரித்தபடி திரும்பி வந்தோம். ஊர் சின்னதாக இருப்பதன் பலன் இதுதான், கோபம் ஆறுகிற தூரத்தில் எல்லாம் இருக்கிறது.

அந்த நடையில்தான் ஒரு விஷயம் தெரிந்தது, காபிக் கடைப் பெண் சொன்னது. ஸ்லோவேனிய மொழியில் ஒருமை, பன்மை தவிர இருமை என்று ஒன்று உண்டு. பெண்கள் இரண்டு பேர் 'நாங்கள்' என்று சொல்ல 'மித்வே', மூன்று பேர் ஆகிவிட்டால் 'மே'. வினைச்சொல்லும் அதற்கேற்ப மாறும். நம்மிடம் நாம், நாங்கள் என்று இருக்கிறதே, கேட்பவரைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று, அது அவர்களிடம் இல்லை. அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள், நாம் யார் உள்ளே யார் வெளியே என்று பார்க்கிறோம்.

அன்றிலிருந்து காலை காபியின்போது "இன்றைக்கு மித்வேயா, மேயா?" என்று கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இரண்டு இரண்டு பேராகப் பிரிகிறோமா, சேர்ந்து போகிறோமா? டாக்டருக்கு அருங்காட்சியகம் வேண்டும், வங்கிக்காரிக்குக் கடைத்தெரு வேண்டும், எனக்கு நாற்காலி வேண்டும். காலையில் பிரிந்து நாலு மணிக்கு மூன்று பாலத்தில் சந்திப்போம். உங்கள் கோவாக்காரர்கள் ஐந்து பேரும் ஐந்து நாளும் ஒரே காரில் இருந்திருப்பார்கள், சரிதானே?

பணத்துக்கு ஒரு சுருக்குப்பை. ஆளுக்கு நூறு யூரோ போட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டோம், சேர்ந்து சாப்பிட்டால் அதிலிருந்து, தனியாகத் தின்றால் அவரவர் கையிலிருந்து. தீர்ந்தால் மறுபடி போடுவது. யார் ஐஸ்கிரீம் தின்றார்கள் யார் தின்னவில்லை என்று செல்போன் செயலியில் பைசா கணக்குப் போடுவது நட்புக்கு நல்லதில்லை என்பது என் கட்சி, டீச்சரின் கட்சி வேறு.

"விசாவுக்கு என்ன செய்வது?" (வாசகர், தூத்துக்குடி)

ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா, போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், நாள் சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும், கோடை என்றால் மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை, எங்காவது மாறித்தான் போக வேண்டும். நாலு பேரும் ஒன்றாக விண்ணப்பித்தாலும் நாலு பேருக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு விவரம், தனித்தனிக் கடிதம். ஒரே உறையில் போட்டு அனுப்பிய கோஷ்டி நாங்கள், திருப்பி அனுப்பினார்கள்.

"எந்த மாதம் நல்லது? வெயில் எப்படி?" (வாசகி, வேலூர்)

மே, ஜூன், செப்டம்பர். குளிர்காலத்தில் மூடுபனி நாள்கணக்கில் ஊரின் மேல் உட்கார்ந்திருக்கும், டிசம்பரில் விளக்கு அலங்காரம் பார்க்க வேண்டுமானால் போங்கள். மழைக்குத் தயாராக இருங்கள். சென்னையில் ஒரு வருடத்தில் பெய்கிற அளவு மழை அங்கேயும் பெய்கிறது, ஆனால் மூன்று மாதத்தில் கொட்டித் தீர்க்காமல் பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கு போட்டு. ஜூனில் எங்களுக்கு இரண்டு சாயங்காலம் இடியோடு வந்து ஒரு மணி நேரத்தில் விட்டுவிட்டது. குடை எல்லோரிடமும் இருந்தது, வீட்டில்.

"எனக்கு முழங்கால் வலி. தோழிகள் கூப்பிடுகிறார்கள், கார் இல்லாத ஊர் என்கிறீர்களே, என்னால் அவர்களுக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று தயக்கம்." (வாசகி, நாகர்கோவில்)

தயங்க வேண்டாம், கிளம்புங்கள். கார் இல்லாத பகுதிக்குள் 'கவாலிர்' என்ற சின்ன மின்வண்டிகள் ஓடுகின்றன, கோல்ஃப் மைதான வண்டி மாதிரி. கட்டணம் கிடையாது. கையைக் காட்டி நிறுத்தலாம், தொலைபேசியிலும் கூப்பிடலாம், வயதானவர்களையும் நடக்கச் சிரமப்படுகிறவர்களையும் மனதில் வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். எங்கள் வங்கித் தோழிக்கும் மூட்டு தகராறுதான், மூன்றாம் நாளுக்குள் ஓட்டுநர் ஒருவர் அவளுக்குக் கை காட்டும் அளவுக்குப் பழகிவிட்டார். கோட்டைக்கு மலையேற வேண்டியதில்லை, நம் பழனி விஞ்ச் மாதிரி ஒன்று 2006 முதல் ஓடுகிறது, ஏறி உட்கார்வதற்குள் மேலே போய்விடும். கோட்டை முற்றத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை.

ஒரே எச்சரிக்கை, பழைய நகரத்தில் பல இடங்களில் உருண்டைக் கல் பாவிய தரை. மெத்தென்ற அடிப்பகுதி உள்ள காலணி போடுங்கள். வீடு வாடகைக்கு எடுத்தால் லிஃப்ட் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாங்கள் எடுத்த வீட்டின் விளம்பரத்தில் அழகான மாடிப்படி என்று படம் போட்டிருந்தார்கள். அழகுதான். மூன்று மாடி.

"நாங்கள் சூரிச்சில் இருக்கிறோம். பழைய பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் ஆறு பேர், ஒரு நீண்ட வார இறுதிக்குப் போகலாம் என்று யோசிக்கிறோம். பிளெட் ஏரி பார்க்காமல் வரலாமோ?" (வாசகர், சூரிச், சொந்த ஊர் யாழ்ப்பாணம்)

உங்களுக்கு அதிர்ஷ்டம், சூரிச்சிலிருந்து குரோஷியாவின் தலைநகரம் ஸாக்ரெப் போகிற இரவு ரயில் லியுப்லியானா வழியாகத்தான் போகிறது. ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் ஆஸ்திரிய மலைகளைத் தாண்டியிருப்பீர்கள். ஆறு பேர் என்றால் ஒரு படுக்கை அறையையே பிடித்துக்கொள்ளலாம், அரட்டையை ரயிலிலேயே தொடங்கிவிடலாம்.

பிளெட், லியுப்லியானாவிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். ஏரி நடுவில் ஒரு தீவு, தீவில் ஒரு தேவாலயம், படகிலிருந்து இறங்கினால் 99 படி. கல்யாணத்தன்று மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், பெண் வாயைத் திறக்கக்கூடாது என்பது அங்கத்திய வழக்கம். ஏரியைச் சுற்றி ஆறு கிலோமீட்டர் நடக்கலாம், அந்த ஊர் கிரீம் கேக்கை ஒருவர் முழுதாகத் தின்ன முடியாது. அழகு என்பதில் சந்தேகமில்லை, கூட்டம் என்பதிலும் சந்தேகமில்லை. வார இறுதி என்றால் காலை எட்டு மணிக்கு முன்னால் போய்ச் சேருங்கள், இல்லை என்றால் விட்டுவிடுங்கள், நாங்கள் விட்டுவிட்டோம்.

அதற்குப் பதிலாக என் யோசனை, லியுப்லியானாவைச் சுற்றி ஓடுகிற நடைபாதையில் ஒரு காலைப் பொழுது. உங்களுக்கு இது வேறு மாதிரி புரியும் என்பதால் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் படை இந்த ஊரைப் பிடித்து வைத்திருந்தபோது, உள்ளே இருக்கிற எதிர்ப்புப் போராளிகளுக்கும் வெளியே இருக்கிறவர்களுக்கும் தொடர்பு அறுந்து போக வேண்டும் என்று, 1942 பிப்ரவரியில் ஊர் முழுவதையும் சுற்றி முள்வேலி போட்டது. ஊரே சிறை. பிறகு ஜெர்மானியர் வந்தும் வேலி நின்றது, மொத்தம் 1,170 நாள். போர் முடிந்த பிறகு அந்த வேலி நின்ற தடத்தையே ஏறக்குறைய 34 கிலோமீட்டர் சரளைப் பாதையாக்கி, இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் மரம் வைத்தார்கள். இன்றைக்கு அதில் குழந்தை வண்டி தள்ளுகிறார்கள், ஓடுகிறார்கள், வருடா வருடம் மே மாதம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் தாத்தாக்கள் வரை சேர்ந்து நடக்கிறார்கள். இடையிடையே எண்கோண நினைவுக் கற்கள் நிற்கும். நாங்கள் ஒரு ஏழு கிலோமீட்டர் நடந்திருப்போம், வழக்கமாக மூச்சு விடாமல் பேசுகிறவர்கள், கொஞ்ச தூரம் பேசவில்லை.

"அங்கே டிராகன் பாலம் இருக்கிறதாமே, என் பேரன் கேட்கச் சொன்னான். டிராகன் நிஜமா?" (வாசகி, காரைக்குடி)

பேரனிடம் சொல்லுங்கள், நாலு மூலையிலும் நாலு பெரிய டிராகன், செம்புத் தகட்டில் செய்தது, பச்சைப் பாசி பிடித்த மாதிரி நிறம், வாய் பிளந்து, சிறகு விரித்து. பாலம் திறந்தது 1901. கிரேக்கக் கதையில் தங்கத் தோலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த யாசோன் இந்த ஆற்றங்கரையில் ஒரு டிராகனைக் கொன்றான் என்பது ஊர்க்கதை, அதனால் ஊர்ச் சின்னமே டிராகன்தான், சாக்கடை மூடியில்கூட இருக்கும்.

இது பாட்டிக்கு மட்டும்: ஊர்க்காரர்கள் அந்தப் பாலத்துக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'மாமியார்'. எங்கள் வங்கித் தோழிக்குப் போன தையில்தான் மருமகள் வந்திருக்கிறாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போய், இருப்பதிலேயே கோபமான டிராகனுக்குக் கீழே நின்று, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு படம் எடு என்றாள். எடுத்ததும் மருமகளுக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "சூப்பர் அத்தை, பக்கத்தில் யார்?"